ஆச்சி மனோரமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனோரமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டே தகவல்தான் வரும்: ஆயிரம் படத்துக்கு மேல் நடித்தவர், ஐந்து முதல்வர்களுடன் நடித்தவர். எண்களைச் சொல்லிவிட்டு ஆளை விட்டுவிடுகிறோம். அவர் என்ன செய்தார், அதை எப்படிச் செய்தார் என்பதைச் சேர்த்துச் சொல்ல இந்தக் கேள்வி பதில்.

மனோரமா என்பது அவருடைய சொந்தப் பெயரா?

இல்லை. வீட்டில் வைத்த பெயர் கோபிசாந்தா. 1937 மே 26ஆம் தேதி மன்னார்குடியில் பிறந்தார். அன்றைக்கு அது ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டம், இன்றைக்குத் திருவாரூர் மாவட்டம். மனோரமா என்ற பெயர் நாடகக்காரர்கள் வைத்தது. கோபிசாந்தாவும் அழகான பெயர்தான், ஆனால் கொட்டகை வாசலில் தட்டி எழுதி வைக்கும்போது மனோரமா என்பதுதான் கண்ணில் நிற்கும்.

மன்னார்குடிக்காரருக்கு "ஆச்சி" பட்டம் எப்படி வந்தது?

பிறந்த ஊரில் அவர் வளரவில்லை. அப்பா இன்னொரு திருமணம் செய்துகொண்ட பிறகு, அம்மா ராமாமிர்தம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தூருக்குப் போய்ச் சேர்ந்தார். செட்டிநாட்டு ஊர். பெரிய பெரிய வீடுகள். அந்த வீடுகளில் வேலை செய்துதான் அம்மா மகளை வளர்த்தார். மகளும் சிறு வயதிலேயே வேலைக்குப் போக வேண்டி வந்தது, படிப்பு பாதியில் நின்றது.

நகரத்தார் வீடுகளில் பெண்களை மரியாதையாக "ஆச்சி" என்பார்கள். பின்னாளில் சென்னை வானொலி நாடகம் ஒன்றில் மனோரமா செட்டிநாட்டுப் பேச்சில் வெளுத்து வாங்க, கூட இருந்தவர்கள் அவரையே ஆச்சி என்று கூப்பிடத் தொடங்கினார்கள் என்பதுதான் அதிகம் சொல்லப்படும் விளக்கம். எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. ஆச்சிகளின் வீட்டுப் பின்கட்டில் வேலைக்காரியின் மகளாக நின்று அந்தப் பேச்சைக் காதில் வாங்கிய பெண்ணுக்கே கடைசியில் அந்தப் பட்டம் வந்து சேர்ந்தது.

நாடகத்துக்கு எப்படிப் போனார்?

குரல் வழியாக. சின்ன வயதிலேயே நன்றாகப் பாடுவார். ஊருக்கு நாடகம் வந்தபோது பாடத் தெரிந்த ஆள் தேவைப்பட, பன்னிரண்டு வயதில் மேடை ஏறினார். பிறகு வைரம் நாடக சபா, அங்கிருந்து எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றம். திராவிட இயக்க நாடகங்கள் உச்சத்தில் இருந்த நேரம் அது. வசனத்தை மூச்சுப் பிடித்துப் பேச வேண்டும், மைக் எட்டாத கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும், பாட்டு வந்தால் பாட வேண்டும், கூட நடிப்பவர் வரியை மறந்தால் சமாளிக்க வேண்டும். சினிமாவில் பின்னால் அவர் செய்த எல்லாவற்றுக்கும் பயிற்சிக்கூடம் இதுதான்.

முதல் படம் எது?

1958இல் வந்த "மாலையிட்ட மங்கை". கவிஞர் கண்ணதாசன் தயாரித்த படம், டி.ஆர்.மகாலிங்கம் கதாநாயகன். நகைச்சுவை வேடத்துக்கு மனோரமாவைத் தேர்ந்தெடுத்தவர் கண்ணதாசனே. கதாநாயகி ஆக வேண்டும் என்ற ஆசையோடு வந்த பெண்ணுக்கு அது முதலில் கசப்பாகத்தான் இருந்திருக்கும். கதாநாயகியாகப் போனால் சில வருஷத்தில் ஓரங்கட்டி விடுவார்கள், நகைச்சுவையில் நின்றால் கடைசிவரை வேலை இருக்கும் என்று கவிஞர் எடுத்துச் சொன்னதாக மனோரமா பேட்டிகளில் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்திருக்கிறார். கவிஞர் வாக்கு பலித்தது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் வேலை இருந்தது.

அப்படியானால் கதாநாயகியாக நடித்ததே இல்லையா?

நடித்திருக்கிறார். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த "கொஞ்சும் குமரி"யில் அவர்தான் கதாநாயகி. ஆனால் அந்தப் பாதை நீளவில்லை.

அவரைத் "துணை நடிகை" என்று சொல்வது சரியா?

இந்தச் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. செய்தித்தாளில் "துணை நடிகை" என்று வந்தால் கூட்டத்தில் நிற்பவர், கதாநாயகிக்குப் பின்னால் ஆடுபவர் என்றே பொருள். கோடம்பாக்கத்தில் அவர்களுக்கு ஏஜென்ட் உண்டு, நாள் சம்பளம் உண்டு, டைட்டிலில் பெயர் வராது. கதையில் பெயரும் வசனமும் உள்ள பாத்திரம் செய்பவர் "குணச்சித்திர நடிகை". தேசிய விருதுப் பட்டியலோ "சிறந்த துணை நடிகை" என்றே சொல்கிறது. ஒரே சொல், இரண்டு உலகம். விருதுக் கணக்கில் மனோரமா துணை நடிகை, கோடம்பாக்கத்துக் கணக்கில் நகைச்சுவை நடிகையாக வந்து குணச்சித்திர நடிகையாக நிலைத்தவர். ரசிகர்கள் கணக்கில் ஆச்சி. அத்தோடு விவகாரம் தீர்ந்தது.

அவருக்கு முன்னால் நகைச்சுவை நடிகைகள் இருந்தார்களா?

தாராளமாக. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கு இணையாக டி.ஏ.மதுரம் இருந்தார். டி.பி.முத்துலட்சுமி இருந்தார். தங்கவேலுவுடன் எம்.சரோஜா இருந்தார், "கல்யாணப் பரிசு" பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மனோரமா வெறும் தரையில் கட்டிடம் எழுப்பவில்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அதற்கு முன் நகைச்சுவை நடிகை என்றால் பெரும்பாலும் ஒரு நகைச்சுவை நடிகரின் ஜோடி. மதுரம் என்றால் கலைவாணர் நினைவுக்கு வருவார், சரோஜா என்றால் தங்கவேலு. மனோரமாவுக்கு ஒரே ஜோடி கிடையாது. நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இவர் மாறாமல் இருந்தார். பிறகு கோவை சரளா தனியாளாகக் காட்சியைத் தூக்கி நிறுத்தியபோது, அதற்கான இடம் ஏற்கெனவே திறந்திருந்தது.

நாகேஷ் - மனோரமா ஜோடியில் என்ன அப்படி விசேஷம்?

வேகம். நாகேஷ் உடம்பால் பேசுகிறவர். கை, கால், கழுத்து எல்லாம் தனித்தனியாக வசனம் சொல்லும். அவரோடு நிற்பவர் அதே மாதிரி ஆடத் தொடங்கினால் காட்சி கலைந்துவிடும். மனோரமா உடம்பை அடக்கிக்கொண்டு பேச்சில் மட்டும் வேகம் காட்டுவார். "அன்பே வா" (1966) படத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். நாகேஷ் முடிக்கும் இடத்திலேயே இவர் தொடங்குவார், நடுவில் மூச்சுவிடும் இடைவெளிகூட இருக்காது.

ஜில் ஜில் ரமாமணி வேடத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

1968இல் வந்த "தில்லானா மோகனாம்பாள்". கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, ஏ.பி.நாகராஜன் இயக்கம். சிவாஜி, பத்மினி, டி.எஸ்.பாலையா, நாகேஷ், சி.கே.சரஸ்வதி என்று ஆளுக்கு ஆள் மிஞ்சக்கூடிய கூட்டம். அதற்குள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆடும் நாடகக்காரி ரமாமணியாக மனோரமா சில காட்சிகளுக்கு மட்டும் வருகிறார்.

அந்த வேடம் மூன்று விஷயங்களின் மேல் நிற்கிறது.

முதலாவது, அவர் வேடம் போட்டது தன் கூட்டத்துப் பெண் வேடம்தான். கொட்டகை நாடகம் எப்படி இருக்கும், அதில் ஆடும் பெண் மேடையிலிருந்து இறங்கியதும் எப்படிப் பேசுவாள், பெரிய வித்வான் வந்திருக்கிறார் என்றால் எப்படிப் பதறுவாள் என்பதெல்லாம் பள்ளத்தூர்ப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பவுடரும் பகட்டும் காட்டும் அந்தப் பெண்ணை வேறு யாராவது செய்திருந்தால் கிண்டலாகப் போயிருக்கும். இவர் கிண்டல் செய்யவில்லை.

இரண்டாவது, வெகுளித்தனம். சிவாஜி செய்த நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரத்திடம் அவருடைய நாயனத்தில் மட்டும்தான் இப்படிச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று கேட்பார். சங்கீதம் தெரியாதவர் கேட்கும் கேள்வி. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒரு கலைஞனைப் பார்த்து இதைவிட உயர்ந்த பாராட்டைச் சொல்ல முடியாது. எதிரில் சிவாஜி சிரிப்பார். அது சண்முகசுந்தரத்தின் சிரிப்பா சிவாஜியின் சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. (நாயனத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்கள்.)

மூன்றாவது, கதை இறுகும்போது ரமாமணியும் இறுகிவிடுகிறாள். சிரிக்க வந்த பாத்திரம் சண்முகத்துக்குக் காயம் பட்டதும் கவலைப்படும் மனுஷியாக மாறுகிறது. மாறுகிறது என்று பார்ப்பவருக்கு உறைப்பதற்குள் மாறிவிடுகிறது.

"பொம்பளை சிவாஜி" என்று ஏன் சொன்னார்கள்?

பாராட்டாகத்தான் சொன்னார்கள். எந்த வேடம் கொடுத்தாலும் செய்வார் என்ற அர்த்தத்தில். எனக்கு அந்தப் பட்டத்தில் அவ்வளவு உடன்பாடில்லை. சிவாஜி பாத்திரத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறவர், அது அவருடைய வழி. மனோரமா பக்கத்து வீட்டில் பார்த்த ஆள் மாதிரி சின்னதாக்கிக் காட்டுகிறவர். இருவருக்கும் பொதுவாக இருப்பது நாடக மேடை மட்டுமே.

எல்லா வட்டாரப் பேச்சும் அவருக்கு எப்படி வந்தது?

என்னைக் கேட்டால் மனோரமாவின் மொத்தத் திறமைக்கும் ஊற்று இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அவர் முகத்தால் நடிப்பதற்கு முன் காதால் நடித்தவர்.

அம்மா தஞ்சைப் பக்கம். வளர்ந்தது செட்டிநாட்டில். நாடகக் குழுவோடு சுற்றியது ஊர் ஊராக. பிழைக்க வந்தது சென்னை. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு தமிழ். பேச்சு வழக்கு என்றால் நாலு சொல்லை மாற்றிப் போடுவது என்று நினைக்கும் நடிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். "ஏனுங்க" சேர்த்தால் கோவை, "ஏலே" சேர்த்தால் நெல்லை. மனோரமா சொல்லைப் பிடிக்கமாட்டார், இழுவையைப் பிடிப்பார். வாக்கியம் எந்த இடத்தில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, கோபம் வந்தால் எந்த எழுத்து நீளும், அதுதான் அவர் கவனம். "சின்ன கவுண்டர்" (1992) ஆத்தாவின் தூக்கிய பல் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்தப் பல்லை மறந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொங்குப் பேச்சை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மெட்ராஸ் பாஷை தனிக் கதை. "சம்சாரம் அது மின்சாரம்" (1986) படத்தில் வேலைக்காரி கண்ணம்மா. விசு எழுதிய நீள நீள வசனங்களுக்கு நடுவே கண்ணம்மா புகுந்து சம்பந்தி வீட்டுக்காரரை ஒரு வழி பண்ணும் காட்சிக்காகவே அந்தப் படத்தைத் திரும்பப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தக் காட்சியின் "கம்முனு கெட" தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்து பிறகு வெளியே போகவே இல்லை. அதில் கவனிக்க வேண்டியது, அந்த ஏச்சுப் பேச்சு முழுக்க நடிப்பு என்பது. கண்ணம்மா அந்த வீட்டு நன்மைக்காக ரவுடித்தனமாகப் பேசுவதாக நடிக்கிறாள். அதாவது நடிக்கும் ஒரு பெண்ணை மனோரமா நடிக்கிறார். இரண்டு அடுக்கும் தெரிய வேண்டும், ஒன்று மற்றொன்றை மறைக்கவும் கூடாது.

படங்களில் பாடுவது அவருடைய சொந்தக் குரலா?

பல பாட்டுகளில் அவரேதான். "பொம்மலாட்டம்" (1968) படத்தில் வி.குமார் இசையில் "வா வாத்தியாரே ஊட்டாண்ட" பாட்டை அவர்தான் பாடினார், சோவோடு அவரே நடித்தார். தெருவில் பேசும் சென்னைத் தமிழ் அப்படியே தாளத்தில் உட்கார்ந்த பாட்டு. 26 வருஷம் கழித்து "மே மாதம்" (1994) படத்தில் ஏ.ஆர்.ரகுமான் இசையில் மெட்ராஸைச் சுற்றிப் பார்க்கும் பாட்டிலும் அதே குரல். நடுவில் இசையமைப்பாளர்கள் மாறினார்கள், ஒலிப்பதிவு மாறியது, ஊரின் பெயரே மாறவிருந்தது. சென்னைத் தமிழ் பாட்டில் வேண்டும் என்றால் ஆச்சியைக் கூப்பிடு என்பது மாறவில்லை.

1,500 படங்கள் என்பது உண்மையா? ஒரு மனுஷியால் முடியுமா?

ஆயிரத்தைத் தாண்டியவர் என்று கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது. அதற்குப் பிறகும் பல வருஷம் நடித்தார். மொத்தம் 1,200 என்பார்கள், 1,500 என்பார்கள், சொல்பவரைப் பொறுத்து எண் வளரும்.

முடியுமா என்றால், குணச்சித்திர நடிகையின் வேலை முறை தெரிந்தால் முடியும் என்று புரியும். கதாநாயகனுக்கு ஒரு படம் என்றால் மாதக்கணக்கில் கால்ஷீட். காமெடி டிராக்குக்குச் சில நாள் போதும். சில படங்களில் காமெடியைத் தனியாக எழுதி, தனியாக எடுத்து, கடைசியில் கதைக்குள் சொருகுவார்கள். கதாநாயகனைச் செட்டில் பார்க்காமலே வேலை முடிந்த படங்களும் உண்டு. ஏவிஎம், வாகினி என்று ஸ்டூடியோக்கள் எல்லாம் வடபழனியைச் சுற்றியே இருந்த காலத்தில் காலையில் ஒரு ஷிஃப்ட், மதியம் இன்னொரு ஷிஃப்ட், ராத்திரி வேறொன்று என்று ஓட முடிந்தது. காலையில் கிராமத்துக்காரி, மதியம் மாமி, ராத்திரி மீன்காரி. காரில் போகும்போதே வசனத்தைப் பார்த்து, இறங்கும்போது ஆள் மாறியிருக்க வேண்டும்.

அந்த வேகத்தில் நடித்தவற்றில் எல்லாம் நல்ல படம் இல்லை. சில படங்களில் இவர் வரும் பத்து நிமிஷம் தவிர மிச்சத்தைப் பார்க்க முடியாது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஐந்து முதல்வர்களுடன் சினிமாவில் நடித்தாரா?

சினிமாவில் ஐந்து பேருடனும் இல்லை. அண்ணா, கருணாநிதி இருவரோடும் பங்கெடுத்தது நாடக மேடையில். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திராவின் என்.டி.ராமராவ் ஆகியோருடன் திரைப்படத்தில். அவர்களில் யாரும் அப்போது முதல்வர் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா வேடத்துக்கு எப்போது மாறினார்?

ஒரு நாளில் மாறவில்லை, எண்பதுகளில் மெல்ல நகர்ந்தார். இந்த இடத்தில்தான் பல நடிகைகளின் வண்டி நின்றுவிடும். கதாநாயகியாக இருந்தவருக்கு அம்மா வேடம் என்றால் இறங்குவது மாதிரி. மனோரமா முதலிலேயே அழகைக் காட்டி நிற்காததால் இழக்க ஒன்றும் இருக்கவில்லை.

அதன் பலன் 1989, 1990 ஆகிய இரண்டு வருஷத்தில் தெரியும். "அபூர்வ சகோதரர்கள்" படத்தில் ராஜாவை (கமல்) எடுத்து வளர்க்கும் முனியம்மா. "மைக்கேல் மதன காமராஜன்" படத்தில் மகளை வைத்துப் பணக்காரனுக்கு வலை விரிக்கும் கங்காபாய். "நடிகன்" படத்தில் கல்யாணமே ஆகாமல் வயதாகிப்போன பெண், கிழவர் வேஷத்தில் வரும் இளைஞனிடம் (சத்யராஜ்) மனதைப் பறிகொடுப்பவர். மூன்றும் நகைச்சுவைதான். மூன்றிலும் சிரிப்பு வேறு வேறு இடத்திலிருந்து வருகிறது. முனியம்மாவிடம் பாசத்திலிருந்து, கங்காபாயிடம் பேராசையிலிருந்து, "நடிகன்" பெண்ணிடம் கூச்சத்திலிருந்து. ஐம்பதைத் தாண்டிய நடிகைக்கு காதல் காட்சி எழுதி, அதைப் பார்ப்பவர்கள் ஏளனம் செய்யாமல் ரசித்தார்கள் என்றால் அந்தப் பெருமையில் பெரும்பங்கு அவருக்கே.

1992இல் "அண்ணாமலை"யில் ரஜினிக்கு அம்மா, "சின்ன கவுண்டர்" படத்தில் விஜயகாந்துக்கு அம்மா. அதற்கப்புறம் தமிழ் சினிமாவில் பாதிப் பேருக்கு அம்மா, மிச்சம் பேருக்குப் பாட்டி.

தேசிய விருது எந்தப் படத்துக்கு?

பார்த்திபன் முதன்முதலாக இயக்கிய "புதிய பாதை" (1989). சிறந்த துணை நடிகை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அந்தப் படத்துக்கே கிடைத்தது. துணை நடிகைக்கென்று தனி விருது கொடுக்கத் தொடங்கியதே 1984ஆம் வருஷத்துப் படங்களிலிருந்துதான். தமிழ்ப் படத்துக்காக அதை முதலில் வாங்கியவர் மனோரமா. ஜில் ஜில் ரமாமணி நடித்தபோது அப்படி ஒரு விருதே கிடையாது. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

2002இல் பத்மஸ்ரீ. தமிழக அரசின் கலைமாமணியும் உண்டு.

வேறு மொழிகளில் நடித்தாரா?

தெலுங்கு, மலையாளம் இரண்டிலும் நடித்திருக்கிறார். இந்தியில் மெஹ்மூத்தின் "குன்வாரா பாப்" (1974). 2009இல் வந்த தெலுங்கு "அருந்ததி" படத்தில் அந்த வீட்டின் ரகசியத்தைச் சொல்லும் கிழவி சந்திரம்மா அவர்தான். ஆனால் பேச்சை நம்பி நடிக்கும் ஒருவருக்கு வேறு மொழி என்பது ஒரு கையைக் கட்டிவிட்ட மாதிரி. அவர் முழு வீச்சைத் தமிழில்தான் பார்க்க முடியும்.

சீரியலிலும் நடித்தாரா?

நடித்தார். அதைத் தனியாகப் பார்ப்பதைவிட அந்தத் தலைமுறை முழுவதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. 1993இல் சன் டிவி வந்து, தொண்ணூறுகளின் கடைசியில் தினசரித் தொடர்கள் பெருகியபோது, சினிமாவில் அம்மா வேடம் சுருங்கிக்கொண்டிருந்தது. கதாநாயகனுக்கு அம்மாவே தேவைப்படாத கதைகள் வரத் தொடங்கியிருந்தன. சீரியலிலோ வீடுதான் கதை, வீட்டில் மாமியார், அம்மா, பாட்டி இல்லாமல் ஒரு எபிசோட் நகராது. வடிவுக்கரசி, சத்யப்பிரியா போன்றவர்கள் சின்னத்திரையில் புதிதாக ஒரு சுற்று வந்தது அப்படித்தான். "மைக்கேல் மதன காமராஜன்" திருட்டுப் பாட்டி எஸ்.என்.லட்சுமி 2012இல் இறக்கும் காலம்வரை "சரவணன் மீனாட்சி" தொடரில் நடித்துக்கொண்டிருந்தார்.

நாடகத்திலிருந்து வந்தவர்களுக்கு சீரியல் வேலை பழகிய வேலை. வசனத்தாள் அன்றைக்குக் காலையில்தான் கைக்கு வரும், சமயத்தில் மை காயாமல் வரும். பக்கத்திலிருந்து உதவி இயக்குநர் பிராம்ப்டிங் சொல்வார். ஒரு நாளில் சினிமாவில் இரண்டு காட்சி எடுத்தால் அதிகம், இங்கே ஒரு எபிசோடுக்கே தேறிவிட வேண்டும். இரண்டு முறை படித்துவிட்டு நீள வசனத்தை ஒரே டேக்கில் பேசுகிறவர்களைத் தயாரிப்பு மேனேஜர்கள் கும்பிட்டுக் கூப்பிடுவார்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அழத் தெரியும், சண்டை போடத் தெரியும், காய் நறுக்கிக்கொண்டே பேசத் தெரியாது. இவர்களுக்குத் தெரியும்.

மனோரமாவைப் பொறுத்தவரை டிவி செய்த பெரிய உபகாரம் தொடர்கள் இல்லை, மறு ஒளிபரப்புதான். எண்பதுகளுக்குப் பிறகு பிறந்தவர்களில் பலருக்கு ஜில் ஜில் அறிமுகமானது ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுத் தட்டோடு.

குடும்பம்?

நாடகக் குழுவில் கூட இருந்த எஸ்.எம்.ராமநாதனைக் காதலித்து மணந்தார். மணவாழ்க்கை சில வருஷம்கூட நீடிக்கவில்லை. ஒரே மகன். அம்மா ராமாமிர்தம் எப்படித் தனியாளாக மகளை வளர்த்தாரோ, அதேபோல மகளும் தனியாளாக மகனை வளர்த்தார். தியாகராய நகரில் வீடு. மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1996இல் ரஜினிக்கு எதிராகப் பேசினாரா?

பேசினார். அந்தத் தேர்தலில் அதிமுகவுக்காகப் பிரச்சாரம் செய்தபோது ரஜினியைக் கடுமையாகத் தாக்கினார். நாலு வருஷம் முன்புதான் "அண்ணாமலை"யில் அவருக்கு அம்மாவாக நடித்திருந்தார் என்பதால் அது கூடுதலாக உறைத்தது. தேர்தல் முடிவு எதிராகப் போனது, படங்களும் கொஞ்ச காலம் குறைந்தன. ரஜினி அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை, பிறகு மேடையிலேயே அவரைப் பெருமையாகப் பேசினார். மனோரமாவின் தொழில் வாழ்க்கையில் நாக்கு அவரைக் கவிழ்த்த ஒரே சந்தர்ப்பம் இதுவாகத்தான் இருக்கும்.

எப்போது மறைந்தார்?

2015 அக்டோபர் 10ஆம் தேதி இரவு, சென்னையில். வயது 78. கடைசிச் சில ஆண்டுகள் உடல்நலம் சரியில்லாமல் இருந்தார். எதிரெதிர் அணியில் இருந்த ஜெயலலிதாவும் கருணாநிதியும் நேரில் போய் அஞ்சலி செலுத்தினார்கள்.

அவர் நடித்த ஒரு படமும் பார்த்ததில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பலரும் "தில்லானா மோகனாம்பாள்" என்பார்கள். நான் "நடிகன்" என்பேன். தில்லானாவில் சுற்றிலும் பெரிய ஆட்கள், கண் அலையும். "நடிகன்" படத்தில் அவரை விட்டுக் கண் நகராது. அடுத்து "சம்சாரம் அது மின்சாரம்", கண்ணம்மாவுக்காக. மூன்றாவதாகத் தில்லானாவுக்கு வாருங்கள். முதல் தடவை அவர் பேசுவதைக் கேளுங்கள். இரண்டாவது தடவை சிவாஜி பேசும்போது இவர் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். வாய் மூடியிருக்கும், முகம் முழுக்கக் காதாக இருக்கும்.